பின்னேரம் தகப்பனுக்குரியது

(தெமோதரைப் பகுதித் தோட்டப் பாடசாலை ஒன்றில் நடந்த பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாசலில் நிற்பவர்கள் தயவுசெய்து உள்ளே வந்து உட்காருங்கள். பெற்றோர் கூட்டம் என்றால் தாய்மார் உள்ளே, தகப்பன்மார் வெளியே என்பது நம் பக்கத்தில் எழுதாத சட்டமாகிவிட்டது. இன்றைக்கு நான் பேச வந்ததே உங்களைப் பற்றித்தான். முப்பதை ஒட்டிய வயதில், ஒன்றோ இரண்டோ சின்னப் பிள்ளைகளோடு, லயத்திலோ புதிதாகக் கட்டிய சிறு வீட்டிலோ குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும் இளந்தகப்பனைப் பற்றி. அவருடைய வேலை, வேலையில் அவர் படும் எரிச்சல், வேலை முடிந்த பிறகு அவர் ஆசையோடு செய்யும் காரியங்கள், இவற்றுக்கு நடுவில் வளரும் பிள்ளை. இதுதான் என் பொருள்.

மலையகத் தாயைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பேச வேண்டியதுதான்; இந்த நாட்டின் தேயிலை அவள் விரலில் பிறக்கிறது. 2023-ல் 'மலையகம் 200' என்று நம்மவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோதும் தாயின் உழைப்பைப் பற்றியே அதிகம் கேட்டோம். தகப்பனைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விதமாகத்தான் வரும். ஒன்று, கொடி பிடித்துச் சங்கம் வளர்த்த போராளி. மற்றது, சம்பள நாளில் குடித்துவிட்டு வருகிறவர். இந்த இரண்டு பேருக்கும் இடையில், மகளின் சப்பாத்தைத் துடைத்து வைக்கிறவரும், காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்கு நடக்கிறவரும், வயசுக்கு வந்த பிள்ளைக்கு ஒரு மறைவு வேண்டுமே என்று பலகை தேடி அலைகிறவரும் இருக்கிறார். அவரைப் பற்றி யார் பேசினார்கள்?

எழுதியவர் ஒருவர் உண்டு. அவர் நம் ஊவா மண்ணில் பிறந்தவர். 1934-ல் ஹாலிஎலைக்குப் பக்கத்தில் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து, 2022-ல் மறைந்த தெளிவத்தை ஜோசப். அவருடைய 'மீன்கள்' என்ற சிறுகதை, ஒற்றைக் காம்பராவுக்குள் வளர்ந்த பிள்ளைகளோடு இரவைக் கழிக்க வேண்டிய ஒரு தகப்பனின் கூச்சத்தையும் வேதனையையும் சொல்கிறது. வறுமையைச் சொன்ன கதைகள் பல உண்டு. வறுமை தகப்பனின் மானத்தை எந்த இடத்தில் தொடுகிறது என்று சொன்ன கதை அது. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஜோசப்பின் தகப்பனார் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர். ஜோசப் முதலில் எழுத்துப் படித்தது தன் தகப்பனிடம்தான். ஒரு தகப்பன் மகனுக்குக் கொடுத்த எழுத்து, பிறகு ஒரு சமூகத்துக்கே எழுத்தாக வந்தது.

தோட்டம் என்ற அமைப்பு தகப்பனை எப்படிப் பார்த்தது என்று கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம். கோப்பிக் காலத்தில் ஆட்கள் பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பினார்கள். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்ட பிறகு கதை மாறியது. தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெண்கள் வேண்டும். பெண்கள் வேண்டுமென்றால் குடும்பம் வேண்டும். குடும்பத்தைக் கொண்டுவந்து லயத்தில் வைத்தார்கள். தாய் மலைக்குப் போவதற்காகப் பிள்ளைக் காம்பரா கட்டினார்கள். தகப்பன் காட்டு வேலைக்கு. பிள்ளையைப் பார்க்கத் தோட்டம் ஏற்பாடு செய்த ஒரே இடம் பிள்ளைக் காம்பராதான். அந்த ஏற்பாட்டில் எந்த மூலையிலும் தகப்பன் இல்லை.

துரை, பெரிய கணக்கப்பிள்ளை, சின்னக் கணக்கப்பிள்ளை, கங்காணி என்று அவருக்கு மேலே ஆட்கள் வரிசையாக இருந்தார்கள். பெண்சாதியின் சம்பளத்தையும் புருஷன் கையில் கொடுப்பது அந்தக் காலத்துத் தோட்ட வழக்கம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது 1984-ல்தான். வெளியில் அத்தனை பேருக்குத் தலை குனிந்தவர் உள்ளே வந்து அதிகாரம் காட்டினார். குடும்பத்தில் தகப்பனுக்கு இருந்த வேலை அது மட்டும்தான் என்று ஆகிவிட்டது. நம் தாத்தாமாரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர்கள் அன்பில்லாதவர்கள் அல்ல. அன்பு காட்ட ஒரு நேரமும் இடமும் வேண்டும். அந்த இரண்டையும் அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

இப்போது இன்றைய நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விடிவதற்கு முன்னால் அடுப்பு எரிகிறது. ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பிள்ளைக்கும் புருஷனுக்கும் கட்டிவைத்துவிட்டுத் தாய் மலைக்குப் போகிறாள். தகப்பன் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிறார். கவ்வாத்து, முள்ளுக்குத்து, புல்லு வெட்டு, மருந்தடி, இப்படி ஏதோ ஒன்று. ஆண்களின் வேலை பெரும்பாலும் அளவு வேலை. இத்தனை மரம், இத்தனை நிரை என்று கொடுப்பார்கள். கைவேகமுள்ளவர் பகல் ஒரு மணி, ஒன்றரைக்கெல்லாம் முடித்துவிட்டு வந்துவிடுவார். தாய்க்கு அப்படியில்லை. பகல் நிறுவை முடிந்து திரும்பவும் மலை ஏறி, அந்தி நிறுவையும் முடிந்து லயத்துக்கு வரும்போது ஐந்து மணியாகிவிடும். பள்ளிக்கூடம் விடுவது ஒன்றரைக்கு.

இந்த நேரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளை ஒன்றரைக்கு வீட்டுக்கு வருகிறது. தகப்பனும் ஏறக்குறைய அதே நேரத்துக்கு வருகிறார். தாய் ஐந்துக்கு வருகிறாள். நடுவில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல், வீட்டில் இருக்கக்கூடிய பெரிய ஆள் தகப்பன் ஒருவர்தான். கொழும்பில் கந்தோருக்குப் போகும் தகப்பனுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. அவர் ஐந்து மணிக்கு வேலை விட்டு, பஸ்ஸில் தொங்கி, பிள்ளை தூங்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறார். தோட்டம் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டவை ஏராளம். தெரியாமல் விட்டுவைத்தது இந்தப் பின்னேரம் ஒன்றைத்தான். அது தகப்பனுக்குரியது. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றையே.

அந்தப் பின்னேரம் இப்போது எங்கே போகிறது என்று தாய்மார் என்னைப் பார்க்கிறீர்கள். புரிகிறது. நேர்மையாகப் பேசுவோம். முதலில் அது பணத்தின் பின்னால் போகிறது.

சம்பளத்தைப் பாருங்கள். 2021-ல் சம்பள நிர்ணய சபை மூலம் நாளொன்றுக்கு 1,000 ரூபா வந்தது. 2024-ல் அது 1,350 ஆனது. 2026-ம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளம் 1,550, அதோடு அரசாங்கம் கொடுக்கும் வருகை ஊக்கத்தொகை 200, ஆக 1,750 ரூபா என்று அறிவித்தார்கள். ஒவ்வொரு உயர்வும் போராடி வாங்கியது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,550 ரூபாப்படி 25 பேர், அதாவது 25 நாள் வேலை, விழுந்தால் 38,750 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், 3,100 ரூபா போகும். மிச்சம் 35,650. பிறகு சங்கச் சந்தா, கோயில் சந்தா, தீபாவளி முற்பணத்துக்கான கழிவு. அதுவும் 25 பேர் விழுந்தால்தான். வேலை நாள் குறைகிறது என்ற முறைப்பாடு இல்லாத தோட்டத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மீதிக் காசில் அரிசி, மாவு, மின்சாரக் கட்டணம், ஸ்கூல் வேன், பிள்ளையின் கொப்பி, ரியூஷன்.

இதனால்தான் பகல் ஒன்றரைக்கு மலையிலிருந்து வந்தவர், சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு இரண்டாவது வேலைக்குப் போகிறார். ஒருவர் பக்கத்துக் கிராமத்து நாட்டாரின் தோட்டத்தில் போஞ்சி நடுகிறார். இன்னொருவர் டவுனில் சிமெந்து மூட்டை தூக்குகிறார். வேறொருவர் மாட்டுக்குப் புல் அறுக்கிறார். இதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல முடியாது. இது குடும்பத்துக்காகச் செய்யும் உழைப்பு. ஆனால் அதன் விலையைப் பிள்ளையும் சேர்ந்து கொடுக்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது.

காசைப் போலவே எரிச்சலும் அந்தப் பின்னேரத்தைத் தின்கிறது. வேலையில் வரும் எரிச்சல் என்ன என்று இங்கே உள்ளவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. காடாகிக் கிடக்கும் மலையில் அளவு வேலை முடியாமல் அரைப்பேர் போடப்படுவது. வயதில் சிறியவர் எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி ஏசுவது. பெண்சாதி எடுத்த கொழுந்தில் ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கிலோவைக் கழிப்பது. குளவி கலைந்தால் ஓட வழியில்லாத சரிவு. மழை நாளில் காலெல்லாம் அட்டை. படித்து ஓ/எல் பாஸ் பண்ணிய பையன் அதே முள்ளைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, 'இதுக்கா படிச்சே?' என்று கேட்கும் ஊர். இந்த அவமானங்களுக்கு மலையில் பதில் சொல்ல முடியாது. அவற்றைச் சுமந்துகொண்டுதான் மனுஷன் படியேறுகிறார். வாசலில் பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறது. அந்த நேரத்தில் வாயில் வருவது 'சும்மா இரு' என்ற ஒரு வார்த்தை.

அந்த வார்த்தை பிள்ளையைப் பார்த்துச் சொன்னது அல்ல என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரியாது. அதனால் இளந்தகப்பன்மாரிடம் நான் ஒன்றைக் கேட்கிறேன். வந்தவுடன் முகம் கை கால் கழுவுங்கள். ஒரு பிளேன்டி குடியுங்கள். இஸ்தோப்பில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். 'அப்பா கொஞ்சம் களைச்சிருக்கேன் சாமி, இப்ப வந்திர்றேன்' என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். நாலு வயசுப் பிள்ளைக்கும் அது விளங்கும். களைப்பைச் சொல்லத் தெரிந்த தகப்பனிடம் பிள்ளை பயப்படாது.

சாராயத்தைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. உடம்பு வலிக்குக் குடிக்கிறோம் என்று சொல்லிக் குடிக்கத் தொடங்கிய பழக்கம், கசிப்பு வரை கொண்டுபோய்விட்ட குடும்பங்களை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வலிக்குக் குடிப்பவருக்கு மூட்டும் இடுப்பும் திரும்பவும் வலிக்கத்தான் செய்யும். அந்த அந்தி நேரம் மட்டும் திரும்ப வராது. பிள்ளையின் பத்து வயசு வரைக்குமாவது வீட்டுக்குள் போத்தல் வரக்கூடாது என்று ஒவ்வொரு இளந்தகப்பனும் தனக்குத்தானே ஒரு சத்தியம் செய்துகொள்ள வேண்டும். பத்து வருஷம் தள்ளி நின்றவருக்கு அதற்குப் பிறகு போத்தல் தேவைப்படாது.

இனி, தோட்டத்தை விட்டு வெளியே வேலைக்குப் போன தகப்பன்மாரைப் பற்றி. இன்று நம் இளைஞர்களில் பலர் பெரட்டுக்குப் போவதில்லை. கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் நிற்கிறார்கள். எல்லவில் திரீவீல் ஓட்டுகிறார்கள், விடுதிகளில் வேலை செய்கிறார்கள். நம் தெமோதரை ஸ்டேஷனைப் பாருங்கள். 1924-ல் பதுளைக்கு ரயில் வந்தது. மலையின் உயரத்தைச் சமாளிக்க, பாதை மலையைச் சுற்றி இறங்கி, தான் விட்டு வந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் போகிறது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் பொறியியலாளர் விமலசுரேந்திரவுக்கு இந்த யோசனை வந்தது என்று இந்தப் பக்கத்தில் சொல்லிவருகிறார்கள். எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் ஒன்பது வளைவுப் பாலம். இவற்றைப் பார்க்க உலகமே வருகிறது.

நம் பையன்கள் அந்த வெள்ளைக்காரர்களுக்குத் தலைப்பாகைக் கதையைப் படித்த இங்கிலீஷில் அழகாகச் சொல்கிறார்கள். கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஒரு திரீவீல்காரத் தம்பியிடம் கேட்டேன், 'இந்தக் கதையை உங்க மகளுக்குச் சொல்லியிருக்கீங்களா தம்பி?' அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. 'இல்லை சார். நான் போகும்போது அது தூங்கும். வரும்போதும் தூங்கும்' என்றார்.

அந்தப் பாதைக்கு மண் சுமந்ததும் கல் உடைத்ததும் யாருடைய கைகள் என்று பாடப்புத்தகம் பிள்ளைக்குச் சொல்லித்தராது. தகப்பன்தான் சொல்ல வேண்டும். வெளியூரில் வேலை செய்யும் தகப்பன்மாருக்கு என் வேண்டுகோள் சின்னதுதான். போனில் பேசுவதற்கு ஒரு நேரத்தைக் குறியுங்கள், அதை மாற்றாதீர்கள். 'சாப்பிட்டியா, படிச்சியா' என்பதோடு நிறுத்தாமல் ஒரு கதை சொல்லுங்கள். பிள்ளையிடம் ஒரு கதை கேளுங்கள். லீவில் வரும்போது சாமானை இறக்கி வைத்தவுடன் கூட்டாளிமாரைத் தேடிப் போகாமல் முதல் பின்னேரத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

சரி, வீட்டில் இருக்கும் தகப்பன் அந்த மூன்று மணித்தியாலத்தில் என்ன செய்வது? முதலில் சோறு. ஆம், சோறு போடுவது தகப்பன் வேலையும்தான். 2016-ல் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வில் இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17 வீதம். தோட்டத்துறையில் மட்டும் எடுத்தால் 32 வீதம். ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் பிள்ளைகள் மூன்று பேரில் ஒருவர் வளர வேண்டிய அளவுக்கு வளரவில்லை. இதற்கு வறுமை பெரிய காரணம். தாய் கர்ப்பமாக இருக்கும்போதே சத்துக் குறைவது இன்னொரு காரணம். ஆனால் பகல் சாப்பாட்டை யார் போடுகிறார்கள் என்பதும் ஒரு காரணம். தாய் மலையில், பிள்ளை காலையில் தட்டிய காய்ந்த ரொட்டியைப் பிளேன்டியில் தோய்த்துத் தின்றுவிட்டு விளையாடப் போகிறது. வயிறு நிறைகிறது, உடம்பு நிறையவில்லை.

சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி, அந்தச் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர விடாமல் தடுக்கும். உலகத்துக்கே தேயிலை கொடுக்கும் நாம் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குச் சாயத்தண்ணி வேண்டாம். வாசலில் நாலு அடி இடம் இருந்தாலும் கீரை வரும். ஒரு முட்டை, கொஞ்சம் நெத்தலி, பருப்பு, ஒரு பிடி வல்லாரை. பருப்பு அவிக்கவும் முட்டை பொரிக்கவும் தெரியாத தகப்பன் இந்தக் கூட்டத்தில் இருந்தால் இந்த வாரமே கற்றுக்கொள்ளட்டும். காட்டில் கூட்டுச் சேர்ந்து சமைக்கத் தெரிந்த கைக்கு வீட்டு அடுப்பு என்ன பெரிய வேலையா?

கிளினிக்குக்கும் போங்கள். நிறை நிறுக்கும் நாளில் தாய் ஒரு பேரை இழந்துவிட்டு வரிசையில் நிற்கிறாள். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் நிறைக் கோடு மேலே போகிறதா, கீழே இறங்குகிறதா என்று தகப்பனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோடு இறங்கினால் குடும்பநல உத்தியோகத்தரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். திரிபோஷா கொடுத்தால் அது அந்தப் பிள்ளையின் பங்கு, வீட்டுக்கே பிரித்துவிடாதீர்கள். பிறப்புப் பதிவுக்குப் போகும்போது பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக்கொண்டு போங்கள். எழுதியதை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறிப் போனதால் அடையாள அட்டை எடுக்க வருஷக்கணக்கில் அலைந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

அடுத்தது, ஆசைகள். பிள்ளை பிறந்துவிட்டால் இளைஞனின் பொழுதுபோக்கெல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். பெண்சாதியும் 'இன்னும் பந்தடிக்கப் போறீங்களா?' என்று கேட்கிறாள். தாய்மார் மன்னிக்க வேண்டும், நான் இதில் தகப்பன்மார் பக்கம். மனுஷனுக்கு ஆசையோடு செய்ய ஒரு காரியம் வேண்டும். வேலையில் அவர் ஒரு பேர், ஒரு நம்பர். கரப்பந்து மைதானத்தில் அவர் வலைக்கு மேலே எழும்பி அடிக்கிறவர். கூத்து மேடையில் அவர் மன்மதன். அந்த உருவத்தைப் பிள்ளை பார்க்க வேண்டும். சிக்கல் ஆசையில் இல்லை. பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போவதில்தான் இருக்கிறது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கரப்பந்து இந்த நாட்டின் தேசிய விளையாட்டு. தோட்டத்தில் பெரிய மைதானம் கிடையாது. கரப்பந்துக்குப் பெரிய மைதானம் தேவையும் இல்லை. இரண்டு கம்பு, ஒரு வலை, கொஞ்சம் சமதரை. பந்து பொறுக்கிக் கொடுக்கும் ஆறு வயசுப் பையன் தோற்றவர்கள் வென்றவர்களுக்குக் கை கொடுப்பதைப் பார்க்கிறான். பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களும் ஆடட்டும்.

ஒரு தகப்பனையும் மகனையும் நான் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். முள்ளுக்குத்து முடிந்து வந்த மனுஷன், மகன் சாப்பிட்டு முடித்ததும் லயத்துக்கு முன்னால் கவ்வாத்து மிலாறைக் கூட்டித் தீ மூட்டினார். தப்பு மேளத்தை நெருப்புக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிக் காய்ச்சினார். தோல் இறுகிவிட்டதா என்று விரலால் சுண்டிப் பார்த்தார். 'இப்ப எப்படி இருக்கு?' என்று மகனைக் கேட்டார். பையன் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, 'இன்னும் கொஞ்சம் அப்பா' என்றான். திரும்பவும் காய்ச்சினார். மூன்றாம் முறை பையன் தலையை ஆட்டினான். ஒரு கையில் தடித்த குச்சி, மறு கையில் மெல்லிய நீண்ட மூங்கில் சிம்பு. அவர் அடித்துக் காட்ட, பையன் ஒரு தகரப் பேணியில் அதையே அடித்தான். தாளம் பிசகினால் தகப்பன் ஏசவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து அடித்தார். நானும் ஓர் ஆசிரியன். அதைவிட நல்ல பாடத்தை எந்த வகுப்பறையிலும் நான் கண்டதில்லை.

அந்தத் தப்பைத் தொட வெட்கப்படுகிறவர்கள் நம்மில் இன்னும் உண்டு. சாவு வீட்டு மேளம் என்றும், ஒரு சாதியின் வேலை என்றும் அதை ஒதுக்கிவைத்தோம். தோட்டத்தில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் அதே தப்புதான். இன்று பாடசாலை மேடைகளில் அது நிமிர்ந்து ஒலிக்கிறது. அதை மகனுக்குக் கொடுக்கும் தகப்பன் தாளத்தோடு சேர்த்துத் தலை நிமிர்வையும் கொடுக்கிறார்.

காமன் கூத்தும் அப்படித்தான். மாசி மாசத்தில் காமன் ஊன்றிய நாளிலிருந்து தோட்டமே ஒரு வீடாகிறது. மன்மதன், ரதி, தூதன், வீரபத்திரன் என்று வேஷம் கட்டுகிறவர்கள் பகலில் மலையில் மருந்தடித்தவர்கள்தான். விரதம் இருந்து, பாட்டுகளைப் பாடம் பண்ணி, இராத்திரி முழுக்கக் கண் விழித்து ஆடுகிறார்கள். அந்தப் பாட்டுகளில் பல எந்தப் புத்தகத்திலும் இல்லை. தகப்பன் வாயிலிருந்து மகன் காதுக்கு வந்தவை. ஒரு தலைமுறை தகப்பன்மார் பாடாமல் விட்டால் அவை போய்விடும். கையில் போன் இருக்கிறதே, பாட்டன் பாடுவதைப் பதிவு செய்யுங்கள். மகளிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். தமிழ்ப் பாடம் தானாக வரும்.

பாடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'எனக்குப் படிப்பு ஏறல சார், நான் என்னத்தச் சொல்லிக்கொடுக்க?' என்று தகப்பன்மார் கேட்கிறீர்கள். நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளை வாசிப்பதைக் கேளுங்கள். 'இன்னிக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லிக்கொடு' என்று கேளுங்கள். தகப்பனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் பிள்ளைக்கு மறக்காது. 1948-ல் குடியுரிமைச் சட்டத்தால் நம் பாட்டன்மார் நாடற்றவர்களாக ஆக்கப்பட்டார்கள். அப்போது வந்த அரசாங்கக் கடிதங்களை வாசித்துச் சொல்ல லயத்தில் ஆள் இல்லாமல், யார் யாரிடமோ கொண்டுபோய்க் காட்டிக் கைநாட்டு வைத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் நம் கண்முன்னே எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள். அதைக் கேட்க ஒரு தகப்பன் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய காரியம்!

இதுவரைக்கும் தகப்பன்மாரிடமே கேட்டேன். நாட்டிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. பிள்ளை பெற்ற தாய்க்கு இந்த நாட்டில் 84 நாள் மகப்பேற்று விடுமுறை உண்டு. அரசாங்க வேலையில் இருக்கும் தகப்பனுக்கு மூன்று வேலை நாள் விடுமுறை உண்டு. தனியார் கம்பனிகளில் வேலை செய்யும் தகப்பனுக்கு அப்படி ஒரு விடுமுறை சட்டத்தில் எழுதப்படவில்லை. பிள்ளை பிறந்த அன்றைக்குப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போன தோட்டத் தொழிலாளிக்கு அந்த நாள் பேர் இல்லை. இந்தியாவில் மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்கு 15 நாள் கொடுக்கிறார்கள். சுவீடன் 1974-லேயே பிள்ளை பராமரிப்பு விடுமுறையில் தகப்பனையும் சேர்த்துக்கொண்டது; இன்று அங்கே ஒரு பிள்ளைக்கு 480 நாள், அதில் 90 நாள் தகப்பனுக்கென்றே ஒதுக்கப்பட்டது. நாம் 480 நாள் கேட்கவில்லை. பிள்ளையைக் கையில் வாங்கும் அந்த முதல் வாரம் சம்பளத்தோடு கிடைக்கட்டும் என்று கேட்கிறோம். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் சங்கங்கள் இதையும் கோரிக்கையில் சேர்க்க வேண்டும். எல்லாச் சங்கங்களும் ஒரே குரலில் கேட்கக்கூடிய கோரிக்கை இது. எந்தக் கட்சிக்காரர் வீட்டிலும் பிள்ளை பிறக்கத்தானே செய்கிறது!

வீட்டையும் மறந்துவிடக்கூடாது. 'மீன்கள்' கதையில் வரும் அந்தக் காம்பரா இன்னும் இருக்கிறது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்கள் உண்டு. கிடைக்காமல் காத்திருப்பவர்கள் அதைவிட அதிகம். 2014 ஒக்டோபர் 29-ல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நம் மாவட்டம் மறக்கவில்லை. அன்று காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. பிள்ளையைப் பயமில்லாமல் தூங்கவைக்க ஓர் இடம் கேட்பது தகப்பனின் உரிமை. அதைக் கேட்கும்போது தலை குனிய வேண்டியதில்லை.

பெரியோர்களே, சட்டம் மாற நாளாகும். வீடு வரவும் நாளாகும். பிள்ளை அதுவரைக்கும் சின்னப் பிள்ளையாகக் காத்திருக்காது. அதனால் அரசாங்கத்திடமும் கம்பனியிடமும் கேட்பதை ஒருநாளும் நிறுத்தாமல், நம் கையில் இருப்பதை நாளையிலிருந்தே எடுத்துக்கொள்வோம். நம் கையில் இருப்பது அந்தப் பின்னேரம். அதை முழுக்கக் கேட்கவில்லை. இரண்டாவது வேலைக்குப் போக வேண்டியவர் போகட்டும். போவதற்கு முன்னால் ஒரு மணித்தியாலம். பிள்ளையோடு சாப்பிட்டு, அது வாசிப்பதைக் கேட்டு, பிறகு போகட்டும். தாய்மாரே, அந்த ஒரு மணித்தியாலத்தில் தகப்பன் செய்வது உங்கள் விருப்பப்படி இல்லாவிட்டாலும், பருப்பு கொஞ்சம் அடிப்பிடித்துப் போனாலும், பிள்ளை முன்னால் அவரைக் குறை சொல்லாதீர்கள். பழகப் பழகக் கை வரும்.

அதிபர் அவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்த பெற்றோர் கூட்டத்தைப் பகல் இரண்டு மணிக்கு வையுங்கள். தகப்பன்மார் வந்தால் மலையில் இருக்கும் தாய்மாருக்கு அரைப்பேர் போகாமல் இருக்கும். தகப்பன்மார் வர முடியாது என்று சொல்ல முடியாது. கதிரைகளைத் தகப்பன்மாருக்காகப் போடுங்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அவரவர் பிள்ளையின் கொப்பியைக் கையில் கொடுத்துப் பேசுங்கள். நானும் வருகிறேன்.